வவுனியாவில் யார் யார்? ஊரின் சனத்தொகை மாறிய விதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கிலுள்ள வவுனியாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மூன்றாவது வசனத்திலேயே "அங்கே இப்ப ஆர் கூட?" என்ற கேள்வி வந்துவிடும். கேட்பவர் லண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கையாக இருக்கலாம், பம்பைமடுப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த கண்டிப் பெடியனாகவும் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நொந்துவிட்டது. அதனால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: ஓய்வுபெற்ற ஆசிரியர். அப்பா 1958 கலவரத்துக்குப் பிறகு பதுளைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். அம்மாவுக்கு ஓமந்தை. அதனால் நான் எழுதுவதில் ஒரு பக்கச்சாய்வு தெரிந்தால் அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு விளங்கும்.

சரி, கணக்கு என்ன சொல்கிறது?

2012 குடிசன மதிப்பீட்டில் வவுனியா மாவட்டத்தில் ஏறத்தாழ 172,000 பேர். நூற்றுக்கு 83 பேரளவில் தமிழர், 10 பேர் சிங்களவர், 7 பேர் முஸ்லிம்கள். பறங்கியர், மலாயர் மிகச் சிலர்.

இதற்கு முன்பு முழுமையாக எண்ணியது 1981 இல். அப்போது மாவட்டத்தில் 95,428 பேர். தமிழர் 76 வீதமளவில், சிங்களவர் 16, 17 வீதம், முஸ்லிம்கள் 7 வீதம்.

முஸ்லிம்கள் வீட்டிலும் கடையிலும் பேசுவது தமிழ்தான். ஆகவே தமிழ் பேசுகிற சனம் என்று பார்த்தால் 2012 இல் பத்தில் ஒன்பது பேர். ஆனால் இந்த நாட்டில் கணக்கு மொழியை வைத்து நடப்பதில்லை, இனத்தை வைத்து நடக்கிறது. அந்தப் படிவத்தில் என்னென்ன கட்டங்கள் இருந்தன என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது. அது கீழே வரும்.

நீங்கள் சொல்வது நகரமா, மாவட்டமா?

இரண்டும் கலந்துதான் வரும். ஏனென்றால் வெளியூர்ச் சனம் "வவுனியா" என்னும்போது மணிக்கூட்டுக் கோபுரத்தையும் பஸ் நிலையத்தையும் நினைக்கிறது. அரசாங்கம் சொல்லும்போது வவுனியா, வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு, வெங்கலச்செட்டிகுளம் என்ற நான்கு பிரதேச செயலகங்களும் சேர்ந்த மாவட்டம்.

இவை ஒன்றைப்போல ஒன்று இல்லை. வவுனியா வடக்கு, அதாவது நெடுங்கேணிப் பக்கம், பெரும்பாலும் தமிழ். வவுனியா தெற்கு பெரும்பாலும் சிங்களம். செட்டிகுளத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த குளங்களுக்குக் கீழே இருக்கிறார்கள். நகரம் தமிழ் நகரம்தான், கடைத்தெருவில் முஸ்லிம் வியாபாரிகளின் கை பலமானது. மதவாச்சிப் பக்கம் போனால் ஈரற்பெரியகுளத்தில் சிங்கள ஊர்கள் தொடங்கிவிடும்.

வெளியூராருக்குச் சிரிப்பு வருகிற ஒரு விஷயம்: இங்கே "வவுனியா தெற்கு தமிழ்ப் பிரதேச சபை" என்று ஒன்று, "வவுனியா தெற்கு சிங்களப் பிரதேச சபை" என்று இன்னொன்று. சபையின் பெயரிலேயே இனம் இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது.

முந்தி இங்கே யார் இருந்தார்கள்? எல்லாம் காடு என்கிறார்களே?

காடுதான், ஆனால் ஆளில்லாத காடு இல்லை. வன்னியர் ஆண்ட நிலம். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்து, அதே ஆண்டு கற்சிலைமடுவில் தோற்ற பண்டாரவன்னியனின் சிலை இன்றும் நகர நடுவில் நிற்கிறது. ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் ஊரின் பெயர் வவுனியா விளாங்குளம். இங்கே ஊர்ப்பெயர்களில் பாதி குளத்தில் முடிவதற்குக் காரணம் ஒன்றுதான். குளத்தைச் சுற்றித்தான் சனம் இருந்தது, குளம் உடைந்தால் ஊரும் போய்விடும்.

ஆளைக் குறைத்தது மலேரியா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இப்போதைய முல்லைத்தீவின் பெரும்பகுதியும் சேர்ந்திருந்த பழைய மாவட்டத்திலேயே 20,000 பேர் இல்லை. ரயில் 1905 இல் வந்தது, ஆனாலும் சனம் வந்து குடியிருக்கவில்லை. உத்தியோகத்தர் வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்தால் தண்டனை என்று நினைத்த காலம். 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. மருந்து அடிக்கத் தொடங்கிய பிறகுதான் காய்ச்சல் அடங்கியது. அதற்குப் பிறகு நெல்லும் காணியும் தேடி யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். பாவற்குளம் போன்ற குளங்களைத் திருத்திக் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. அவற்றில் தமிழரும் இருந்தார்கள், சிங்களவரும் இருந்தார்கள்.

ஆகவே "எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வவுனியா நகரத்தில்தான்" என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் எந்த இனத்திலும் அதிகம் இல்லை. சுற்றியிருக்கும் பழைய குளத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள். நகரத்தில் இருப்பவரிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் பெரும்பாலும் வேறு ஊரின் பெயர்தான் வரும்.

மலையகத் தமிழர் வவுனியாவுக்கு ஏன் வந்தார்கள்?

விரட்டப்பட்டும் வந்தார்கள், பசியாலும் வந்தார்கள்.

முதலில் 1948 குடியுரிமைச் சட்டம். தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழரில் பெரும்பாலானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. குடும்பத்தில் ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே. 1973, 74 இல் தோட்டங்களில் பஞ்சம் வந்தது, சனம் பட்டினியால் செத்தது. அடுத்து தோட்டங்களை அரசு எடுத்தது. 1977 ஓகஸ்ட் கலவரத்தில் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, எரித்தார்கள். 1981, 1983 இலும் அப்படியே.

அடி வாங்கியவர்களுக்கு வடக்கே வருவது பாதுகாப்பாகப் பட்டது. வன்னியில் காடு இருந்தது, வெட்டித் துப்புரவாக்கினால் காணி என்ற நம்பிக்கையும் இருந்தது. இங்கே அவர்களைக் குடியமர்த்துவதில் காந்தீயம் இயக்கம் பெரிய வேலை செய்தது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் நடத்தியது. பண்ணைகள், கிணறுகள், சிறுவர் பள்ளிகள், பிள்ளைகளுக்குப் பால், தடுப்பூசி என்று வேலை நடந்தது. 1983 ஏப்ரலில் இருவரையும் கைதுசெய்தார்கள். அந்த ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார்.

கென்ட் பண்ணை, டொலர் பண்ணை என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1977க்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் இருந்த இடங்கள் அவை. 1984 இல் அவர்களை அப்புறப்படுத்திவிட்டு அங்கே சிங்களச் சிறைக்கைதிகளைக் குடும்பத்தோடு குடியேற்றினார்கள். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று புலிகள் தாக்கினார்கள். செத்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரே துண்டு நிலத்தில் ஒரே ஆண்டுக்குள் இரண்டு தொகுதி ஏழைச் சனத்துக்கு நடந்தது இது. எந்தப் பக்கத்து மேடையிலும் இதில் ஒரு பாதியைத்தான் சொல்வார்கள்.

1981 இல் ஐந்தில் ஒருவர் இந்தியத் தமிழர். 2012 இல் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அவ்வளவு பேரும் எங்கே போனார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆனால் இதைக் கேட்பவர்கள் குறைவு.

1981 இல் மாவட்டத்தில் 19 வீதத்துக்கு மேல் "இந்தியத் தமிழர்". ஆள் கணக்கில் 18,000க்கு மேல். 2012 இல் அந்தக் கட்டத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர். சிலர் இந்தியாவுக்குப் போனார்கள், உண்மை. போரில் செத்தவர்களும் ஏராளம். வன்னியில் காணி இல்லாத ஏழைகள் கடைசி வரை அகப்பட்டுக்கொண்டார்கள், அவர்களில் மலையகத்தார் நிறையப் பேர். ஆனால் பெரும்பாலானோர் எங்கேயும் போகவில்லை. இங்கேயேதான் இருக்கிறார்கள். பெயர்தான் மாறியது.

1911 இலிருந்து குடிசன மதிப்பீடு "இலங்கைத் தமிழர்", "இந்தியத் தமிழர்" என்று இரண்டு கட்டங்கள் வைத்து எண்ணுகிறது. எந்தக் கட்டத்தில் விழுவது என்பது வீட்டுக்காரர் சொல்லும் பதிலைப் பொறுத்தது. நாடற்றவர் என்று துரத்தியதை அனுபவித்த ஒருவர், முப்பது ஆண்டு வன்னியில் உழுதபிறகு, பதிவேட்டோடு வந்து நிற்கும் அரசாங்க ஆளிடம் "இந்திய" என்ற சொல்லை ஏன் சொல்லப் போகிறார்? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2012 இல் படிவத்தோடு வந்தவர் "ஐயா, எந்த இனம்?" என்று கேட்க, அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் "இலங்கைத் தமிழர்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "நான் பிறந்தது இலங்கையில, எங்க அப்பா பிறந்ததும் இலங்கையில. வேற என்னத்தச் சொல்ல?" என்றார். வந்தவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை எங்கள் ஆட்களே விரும்பிக் கதைப்பதில்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் (பெயர் வேண்டாம்) வாத்தியார் ஒருவர் வகுப்பில் என்னைத் "தோட்டக்காட்டான்" என்றுதான் கூப்பிடுவார். கலியாணப் பேச்சில் "அவை மலைநாட்டு ஆக்களாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். கூலிக்கு வயல் செய்ய அவர்கள் வேண்டும், நீர்ப்பாசனக் காணி பங்கிடும்போது பட்டியலில் கடைசி. குடியேறிய காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லாமல் இரண்டாம் தலைமுறையும் இருக்கிறது. இப்படி இருக்கும்போது அடையாளத்தை மாற்றிக்கொள்வதில் அதிசயம் என்ன?

2003 இல் சட்டத்தால் நாடற்ற நிலை முடிந்தது. 2024 கணக்கெடுப்பில் "மலையகத் தமிழர்" என்ற பெயரும் சேர்ந்தது. மலையகத்தில் அது பெருமையான பெயர். எங்கள் பக்கத்துப் பெடியங்களும் அந்தப் பெயரைத் திரும்ப எடுப்பார்களா என்று பார்க்க எனக்கு ஆசை.

முஸ்லிம்கள் எப்போதும் 7 வீதம். அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லையா?

வீதத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நடந்தது மிகக் கொடுமை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணிநேர அவகாசம். பெரும்பாலானோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள்.

வவுனியா நகரம் இராணுவத்தின் பக்கம் இருந்ததால் பட்டாணிச்சூர் போன்ற இடங்கள் தப்பின. மன்னார் வீதியிலுள்ள சாலம்பைக்குளம் போன்ற கிராமங்கள் காலியாகின. திரும்பி வந்தபோது இருபது ஆண்டு வளர்ந்த காடு. பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து, அங்கே பள்ளிக்கூடம் போய், அங்கே கலியாணமும் செய்துவிட்டார்கள். பலர் இரண்டு ஊரிலும் கால் வைத்திருக்கிறார்கள். மீளக் குடியேறக் காட்டை வெட்டினால் "காட்டை அழிக்கிறார்கள்" என்று கொழும்பில் சத்தம், காணி கேட்டால் "தமிழரின் காணி" என்று இங்கே முணுமுணுப்பு. 1981 இல் ஏறத்தாழ 6,600 பேர், 2012 இல் 12,000 பேரளவில். அதே 7 வீதம்தான்.

யாழ்ப்பாணத்தார் எப்போது இவ்வளவு பேர் வந்தார்கள்?

கொஞ்சம் கொஞ்சமாக எப்போதும் வந்தார்கள். பெரிய அலை 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பிறகு. யாழ்ப்பாணமே வெளிக்கிட்டு வன்னிக்குள் வந்தது. அங்கிருந்து ஒரு பகுதி தாண்டிக்குளம் ஊடாக வவுனியாவுக்குள் நுழைந்தது.

நுழைந்ததும் பாஸ். நாள் பாஸ் முதல் மாதக் கணக்கான பாஸ் வரை பல வகை. பூந்தோட்டம், வேப்பங்குளம், சிதம்பரபுரம் முகாம்கள். பாஸ் முடிகிற திகதியை மறந்தவன் பாடு அதோகதி. தன் நாட்டுக்குள்ளேயே ஒரு ஊரில் இருக்க அனுமதிச் சீட்டு எதற்கு என்று ஒருவர் வழக்குப் போட்டு, 2002 இல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஆண்டு போர்நிறுத்தமும் வந்து ஏ9 வீதி திறந்தது.

1990 இல் யாழ்தேவி நின்றதிலிருந்து 2011 இல் ஓமந்தை வரை பாதை போட்டது வரைக்கும் வடக்கு ரயிலின் கடைசி நிலையம் வவுனியாதான். வடக்கும் தெற்கும் சந்திக்கும் ஒரே வாசல். வங்கி, லொட்ஜ், ரியூட்டரி, தொண்டு நிறுவன அலுவலகம், தொலைபேசிக் கடை எல்லாம் அப்போது முளைத்தவை. குருமன்காடு, வைரவபுளியங்குளம் பக்கம் காணி விலை ஏறியதும் அப்போதுதான். யாழ்ப்பாணத்துப் பேச்சு, கொழும்புக் காசு, வன்னி நெல் எல்லாம் ஒரே சந்தியில் கிடந்தன.

மெனிக் பாமில் இருந்தவர்கள் வவுனியாவிலேயே தங்கிவிட்டார்களா?

சிலர். போர் முடிந்த 2009 இல் செட்டிகுளத்துக் காட்டை வெட்டி அமைத்த அந்த முகாம்களில் உச்சத்தில் 225,000 பேரளவில் அடைபட்டிருந்தார்கள். 1981 இல் மாவட்டம் முழுக்க இருந்த சனத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், முட்கம்பிக்குள். இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று தமிழ்த் தலைவர்களின் பெயர்கள் வலயங்களுக்கு. பெயர் வைத்தவருக்கு என்ன நினைப்போ தெரியாது.

பெரும்பாலானோர் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்விட்டார்கள். முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. குடிசன மதிப்பீடு அதே ஆண்டு மார்ச்சில், அதாவது முகாம் மூடுமுன். 2012 கணக்கைப் பார்க்கும்போது இந்த ஆறு மாதத்தை நினைவில் வைத்திருங்கள்.

சிங்களவர் கூடிக்கொண்டு போகிறார்களா, குறைகிறார்களா?

இரண்டு பதிலும் சரி. சண்டை வருவதும் அதனால்தான். 1981 இல் ஏறத்தாழ 16,000 பேர், 2012 இல் ஏறத்தாழ 17,000 பேர். ஆள் கூடியிருக்கிறது. வீதம் 16, 17 இலிருந்து 10க்கு இறங்கியிருக்கிறது, ஏனென்றால் அதே காலத்தில் தமிழர் தொகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. ஒருவர் வீதத்தைக் காட்டி "நாங்கள் துரத்தப்பட்டோம்" என்பார், மற்றவர் தொகையைக் காட்டி "அவர்கள் கூடுகிறார்கள்" என்பார். சிங்களக் கிராமத்தவரும் போரில் ஓடினார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. நான் சின்ன வயதில் பாண் வாங்கிய பேக்கரிக்காரர் சிங்களவர். எண்பதுகளின் நடுவில் பூட்டிவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை.

ஆனால் மாவட்டச் சராசரியைப் பார்த்துவிட்டு "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்வதும் சரியில்லை. தமிழருக்குப் பயம் நகரத்தில் இல்லை, எல்லைக் கிராமத்தில். வவுனியா வடக்கின் கிழக்கு ஓரத்தில் போகஸ்வெவ போன்ற குடியேற்றங்களுக்குத் தமிழ்க் கட்சிகள் ஆட்சேபம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஆயிரம் பேர் வந்தால் மாவட்டத்தில் அரை வீதம்தான் மாறும். ஆளில்லாத எல்லைக் கிராமத்தில் ஆயிரம் பேர் வந்தால் அங்கே ஊரே மாறிவிடும், பெயர்ப்பலகையும் மாறும். எந்த வட்டத்தை வைத்து வீதம் போடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

மணலாறு வவுனியாவைச் சேர்ந்ததா?

நிர்வாகத்தில் இல்லை. மணலாறு என்ற வெலி ஓயா இன்று முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு பிரதேச செயலகப் பிரிவு. 2012 இல் முல்லைத்தீவில் சிங்களவர் 10 வீதமளவில் இருந்ததற்குப் பெரும் காரணம் அது.

எல்லை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978 இல்தான். 1978க்கு முந்திய "வவுனியா மாவட்டம்" என்ற எண்ணை எடுத்து 1981 எண்ணோடு ஒப்பிட்டு வரைபடம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒரே காணி இல்லை.

1981க்கும் 2012க்கும் நடுவில் கணக்கே எடுக்கவில்லையா?

1991 இல் எடுக்கவில்லை. 2001 இல் எடுத்தார்கள், முழுமையாக முடிந்தது 18 மாவட்டங்களில் மட்டும். வவுனியா அதில் இல்லை. முப்பத்தொரு ஆண்டு இடைவெளி. நடுவில் எங்களுக்கு என்ன நடந்தது என்பதற்குக் கிராம அலுவலரின் பங்கீட்டுப் பதிவும் கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கணக்கும்தான். நிவாரணத்துக்கு எண்ணிய கணக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

2024 கணக்கெடுப்பில் புதிதாக என்ன தெரிந்தது?

வவுனியா நின்றுவிட்டது. 2012க்குப் பிறகு நாட்டிலேயே மிகக் குறைந்த சனத்தொகை வளர்ச்சி இங்கேதான்: ஆண்டுக்கு 0.01 வீதம். மிகக் கூடியது பக்கத்து முல்லைத்தீவில், 2.23 வீதம்.

என் விளக்கம் இது: 2012 இல் இங்கே எண்ணப்பட்டவர்களில் ஒரு பகுதி தற்காலிகச் சனம். அவர்கள் காணிக்குத் திரும்ப, அங்கே ஏறியது, இங்கே சமனானது. அதோடு வெளிநாடு. என்னிடம் படித்த ஒரு வகுப்பை எடுத்தால் பாதிப்பேர் கனடாவிலும் பிரான்சிலும். பாசல் அனுப்புகிற கடைக்குப் போய் நின்றால் ஊரின் மறுபாதி எங்கே இருக்கிறது என்று விலாசங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நகரத்தில் மூன்று இனமும் கலந்து பழகுகிறார்களா?

கடையில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், ஆம். மாலையானதும் அவரவர் ஊர். பிள்ளைகள் வேறுவேறு பள்ளிக்கூடம். கொஞ்சம் மாற்றம் கொண்டுவந்தது பல்கலைக்கழகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமானது. தெற்கிலிருந்து வரும் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்குகிறார்கள், இட்டலிக் கடையில் அரைத் தமிழில் சம்பல் கேட்கிறார்கள்.

வெளிநாட்டுக்காரர் யாரும் இருக்கிறார்களா?

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நீர்கொழும்பில் இருக்க முடியாமல்போன பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகளில் ஒரு பகுதியினரைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பும் இருந்தது, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் இருந்தார்கள். பூந்தோட்டத்துக்கு அகதி புதிதில்லை.

கணக்கெடுப்பில் சாதி கேட்பார்களா?

இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. வாடகைக்கு வீடு தேடும்போது கேட்பார்கள்.

அப்பா ஒரு இனம், அம்மா ஒரு இனம் என்றால் பிள்ளையை எங்கே எழுதுவது?

ஒரு கட்டத்தில்தான் எழுதலாம். பெரும்பாலும் அப்பாவின் இனத்தை எழுதிவிடுவார்கள், யாரும் விவாதிப்பதில்லை.

என் குடும்பம் எப்போது, எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பிறப்புச் சான்றிதழ்களை எடுங்கள். அதில் தகப்பனின் இனம் இருக்கும், பிறந்த இடம் இருக்கும். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுதவும் கூடு உண்டு. தோட்டத்திலிருந்து வந்த குடும்பமென்றால் தோட்டத்தின் பெயரே அதில் கிடைக்கக்கூடும். அடுத்தது காணி அனுமதிப்பத்திரம், அதில் முதல் பெற்றவரின் பெயரும் ஆண்டும் இருக்கும். பிறகு பழைய பள்ளிக்கூடச் சேர்வுப் பதிவேடு. வேதக்காரரென்றால் கோயில் ஞானஸ்நானப் பதிவு இன்னும் நல்லது, இடம்பெயர்ந்தபோதும் சாமிமார் அந்தப் புத்தகங்களை விட்டுவிட்டு ஓடவில்லை.

பத்திரத்தில் இனம் பிழையாக இருக்கிறது. திருத்த வேண்டுமா?

பெயரோ திகதியோ பிழையென்றால் உடனே பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் போங்கள், பாஸ்போர்ட் எடுக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். இனத்துக்காக அலைவதா என்பது உங்கள் விருப்பம். என்னுடைய 1961 பத்திரத்தில் தகப்பனின் இனம் "இந்தியத் தமிழர்". தங்கச்சியின் 1974 பத்திரத்தில் "இலங்கைத் தமிழர்". தகப்பன் ஒரே ஆள்தான், கையெழுத்தும் அதே கோணல் கையெழுத்து. இரண்டும் ஒரே கோப்பில் கிடக்கின்றன. ஒருவரும் திருத்தப் போகவில்லை.